சொந்த இடத்தில் வாடகை வீடு: நான்கு வீட்டுத் திட்டம் இரண்டாகக் குறைந்தது ஏன்? ஒரு நிகழ்வு ஆய்வு

தொகைகள் பற்றி

இந்த ஆய்வில் தொகைகள் நாணயத்தில் தரப்படவில்லை. நான்கு வீடுகளுக்கு ஒப்பந்ததாரர் முதலில் சொன்ன கட்டுமானத் தொகையை 100 என்று வைத்து, மற்ற எல்லாத் தொகைகளும் அதே அளவுகோலில் எழுதப்பட்டுள்ளன. படிப்பவர் தம் பகுதி விலையை அந்த 100-க்குப் பதிலாகப் போட்டுப் பார்க்கலாம். வருமான வரி இடத்துக்கு இடம் வேறுபடுவதால் கணக்கில் சேர்க்கவில்லை. அதைத் தனியே கழித்துக்கொள்ள வேண்டும்.

பின்னணி

உரிமையாளர்கள் ஒரு தம்பதி. கணவருக்கு ஓய்வு பெற நான்கு ஆண்டுகள் இருந்தன. குடியிருக்கும் வீட்டுக்குக் கடன் இல்லை. அதிலிருந்து சற்றுத் தொலைவில் 40 அடிக்கு 60 அடி, அதாவது 2,400 சதுர அடி மனை ஒன்று பல ஆண்டுகளாகக் காலியாகக் கிடந்தது. பத்திரம் தெளிவாக இருந்தது, வில்லங்கம் எதுவும் இல்லை. மனையின் அன்றைய விற்பனை மதிப்பு 90. கையிருப்புச் சேமிப்பு 80.

அவர்களின் முதல் திட்டம் தரைத்தளத்தில் இரண்டு, மாடியில் இரண்டு என நான்கு ஒற்றைப் படுக்கையறை வீடுகள். முன்பக்கம் 10 அடியும் மற்ற மூன்று பக்கமும் 5 அடியும் விட்டால் கட்ட 30 அடிக்கு 45 அடி மிஞ்சும். தளத்துக்கு 1,350 வீதம் இரண்டு தளத்துக்கு 2,700 சதுர அடி. வீடு ஒன்றுக்கு 600 போக, மீதி மாடிப்படிக்கும் பொதுவழிக்கும்.

ஒப்பந்ததாரர் சொன்ன விலை 100. அக்கம்பக்கத்தில் கேட்ட வாடகையை வைத்து நான்கு வீட்டுக்கும் ஆண்டுக்கு 9 வரும் என்று கணித்தார்கள். 80 கடன் வாங்கி, 9 சதவீத வட்டியில் 20 ஆண்டில் அடைத்தால் ஆண்டுத் தவணை 8.64. வாடகை 9, தவணை 8.64. வீடே தன் கடனைக் கட்டிக்கொள்ளும், 20 ஆண்டில் இலவசமாக ஒரு கட்டடம் மிஞ்சும் என்பது கணவரின் வாதம். "இடம் சும்மாதானே கிடக்கு" என்பது அவர் அடிக்கடி சொன்ன வார்த்தை.

மனைவி கேட்டது ஒரே கேள்விதான்: "நாலும் ஒண்ணா காலியானா தவணையை எதுலேர்ந்து கட்டுவீங்க?" அதற்குப் பதில் இல்லாததால், முன்பணம் கொடுக்கும் முன் மூன்று மாதம் ஒதுக்கி எல்லாவற்றையும் சரிபார்ப்பது என்று முடிவாயிற்று.

கவனித்தவை: வாடகைச் சந்தை

மனையைச் சுற்றி நடந்து போகும் தொலைவில் உள்ள தெருக்களில் வாரக் கடைசிகளில் சுற்றி, "வாடகைக்கு" பலகை தொங்கிய வீடுகளைக் குறித்தார்கள். மொத்தம் 11. வீட்டின் அளவு, கேட்கும் வாடகை, எத்தனை நாளாகக் காலி என்பது பதிவானது. மூன்று வாரம் கழித்து அதே தெருக்களில் மறுபடி நடந்து, எந்தப் பலகை இறங்கியது என்று பார்த்தார்கள். உண்மை தெரிந்தது இந்த இரண்டாவது நடையில்தான். இரட்டைப் படுக்கையறை வீடுகள் நான்கில் மூன்று போய்விட்டன. ஒற்றைப் படுக்கையறை வீடுகள் ஏழில் இரண்டு மட்டுமே போயின.

அடுத்து, அண்மையில் குடிவந்தவர்களிடம் எவ்வளவுக்குப் பேசி முடித்தார்கள் என்று விசாரித்தார்கள். பலகையில் இருந்த வாடகைக்கும் முடிந்த வாடகைக்கும் சுமார் 8 சதவீத வித்தியாசம் இருந்தது. கேட்கும் வாடகை உரிமையாளரின் ஆசை, கொடுத்த வாடகையே வருமானம். ஆனால் பெரும்பாலான வீட்டுக் கணக்குகள் ஆசையில்தான் தொடங்குகின்றன.

மனையை ஒரு முறை இருட்டிய பிறகும் ஒரு முறை கனமழைக்கு மறுநாளும் போய்ப் பார்த்தார்கள். தெருவிளக்கு இருந்தது. ஆனால் மழைநீர் சாலையிலிருந்து மனைக்குள் வடிந்து, பின்மூலையில் ஒரு அடி ஆழம் தேங்கியிருந்தது. மதிப்பீட்டில் மண் நிரப்பும் செலவு இல்லை என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

கவனித்தவை: மண்

பின்மூலையில் ஏன் நீர் தேங்குகிறது என்று பார்க்க இரண்டு இடத்தில் குழி தோண்டினார்கள். ஒன்றில் பழைய செங்கல், ஓடு, சுண்ணாம்புக் கழிவு வந்தது. யாரோ எப்போதோ பள்ளத்தை இடிபாடு கொட்டி மூடியிருக்கிறார்கள். இதைப் பார்த்த பிறகே மண் பரிசோதனைக்கு ஏற்பாடு நடந்தது. இரண்டு துளைகள், ஒவ்வொன்றும் 6 மீட்டர் ஆழம்.

அறிக்கைப்படி மேலே 2.3 மீட்டர் வரை களிமண், அதன் கீழே இறுகிய முரம்பு, அதாவது சரளை கலந்த கெட்டி மண். களிமண்ணின் வீக்கத் திறன் அதிகம். இப்படிப்பட்ட மண் மழையில் ஊதும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் நேரடியாக உட்கார்ந்த அஸ்திவாரம் ஓரங்களில் ஒரு மாதிரியும் நடுவில் வேறு மாதிரியும் ஏறி இறங்கும். இரண்டு மூன்று ஆண்டுகளில் ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல் கிளம்பும். மேலே எவ்வளவு நல்ல சிமெண்ட் போட்டாலும் அது நிற்காது.

ஒப்பந்ததாரரின் விலை 1.5 மீட்டர் ஆழத்தில் தனித்தனிப் பில்லர் அஸ்திவாரம் என்ற அனுமானத்தில் சொல்லப்பட்டது. கட்டமைப்புப் பொறியாளர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, களிமண்ணைத் தாண்டி முரம்பு வரை 2.4 மீட்டர் தோண்டுவது. எல்லையிலிருந்து 5 அடியில் பக்கத்து வீட்டுச் சுவர் இருந்ததால் அது ஆபத்து. பள்ளம் சரிந்தால் அவர்கள் அஸ்திவாரமும் சேர்ந்து வரும். இரண்டு, அடியில் குமிழ் போல விரியும் பைல்கள், அதாவது தரையில் துளையிட்டுக் காங்கிரீட் நிரப்பும் தூண்கள். இரண்டாவதே தேர்வாயிற்று: 300 மில்லிமீட்டர் விட்டம், 3.5 மீட்டர் ஆழம், அடிக்குமிழ் 750 மில்லிமீட்டர், பில்லர் ஒன்றுக்குச் சுமையைப் பொறுத்து இரண்டோ மூன்றோ, 12 பில்லருக்கு மொத்தம் 26. பைல்களை இணைக்கும் பீமின் அடிப்பகுதி களிமண்ணைத் தொடாமல் இடைவெளி விட வேண்டும் என்பது பொறியாளரின் கண்டிப்பான குறிப்பு. மண் ஊதும்போது பீமைத் தூக்கிவிட்டால் பைல் போட்டதில் பயன் இல்லை. இந்த மாற்றத்தால் கூடிய செலவு 7.

கவனித்தவை: சதுர அடி விலையில் இல்லாதவை

ஒப்பந்ததாரரிடம் "இந்த விலையில் எது சேராது?" என்று எழுத்தில் கேட்டு வாங்கினார்கள். பட்டியல் நீண்டது. வரைபடம், அனுமதிக் கட்டணம், மண் பரிசோதனை 3. இரண்டு அடி உயரம் மண் நிரப்பல் 4. தரைத்தொட்டியும் மேல்தொட்டியும் 3. செப்டிக் டேங்க், உறிஞ்சு குழி 3. காம்பவுண்ட் சுவர், கேட் 5. மின் இணைப்பு, மீட்டர்கள் 2. போர்வெல், மோட்டார் 2. மொத்தம் 22.

ஏமாற்று வேலை எதுவும் இதில் இல்லை. சதுர அடி விலை என்பது கட்டடத்துக்கு மட்டும் பேசப்படுவது, மனையைக் குடியிருக்கத் தக்கதாக ஆக்குவதற்கு அல்ல. ஆனால் கடன் வாங்கப் போகிறவர் இந்த 22-ஐ மறந்தால், கூரை போட்ட பிறகு கையில் பணமின்றி நிற்பார்.

திருத்திய கணக்கு

நான்கு வீட்டுத் திட்டத்தின் முழுச் செலவு இப்போது இப்படி ஆயிற்று: கட்டடம் 100, வெளிவேலைகள் 22, பைல் 7, இவற்றின் மொத்தத்தில் 10 சதவீதம் எதிர்பாராச் செலவுக்கு 13, கட்டும் ஓராண்டில் கடனுக்கு ஓடும் வட்டி 4. ஆக 146. கடன் 80 போக, கையிலிருந்து 66. சேமிப்பில் மிஞ்சுவது 14.

வருமானப் பக்கமும் சுருங்கியது. 9 என்று நினைத்த வாடகை, பேசி முடியும் அளவுக்குக் குறைத்தால் 8.28. ஆண்டுக்கு ஒரு மாதம் காலி என்று வைத்தால் கைக்கு வருவது 7.59. பராமரிப்புக்கு, கட்டடம், வெளிவேலை, பைல் மூன்றும் சேர்ந்த 129-இல் ஆண்டுக்கு 1 சதவீதம் என 1.3, சொத்துவரியும் காப்பீடும் 0.4, பொது மின்சாரமும் மோட்டாரும் 0.3, ஆக 2. நிகரம் 5.59.

தவணை 8.64. ஆண்டுக்கு 3.05 கைக்காசு போட வேண்டும். வாடகையும் செலவும் ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுவதாக வைத்தாலும் நிகர வாடகை தவணையை எட்டிப்பிடிக்க ஒன்பது ஆண்டு ஆகும். அதில் குறைந்தது கடைசி ஐந்து ஆண்டு கணவருக்குச் சம்பளம் இருக்காது.

இன்னொரு விதமாகப் பார்த்தாலும் விடை அதேதான். 146 போட்டு ஆண்டுக்கு 5.59 என்றால் 3.8 சதவீதம். 9 சதவீதத்துக்கு வாங்கிய பணத்தை 3.8 சதவீதத்தில் போடுவதால், கடன் பெருகப் பெருக நட்டமும் பெருகும். "பிறர் பணத்தில் கட்டலாம்" என்பதற்கு அர்த்தம், கட்டடத்தின் வரவு வட்டிக்கு மேல் இருக்கும்போதுதான்.

மனைவியின் கேள்விக்கும் இப்போது எண்ணில் பதில் கிடைத்தது. எல்லா வீடும் காலியானால் மிஞ்சிய சேமிப்பு 14, தவணையைச் சுமார் 19 மாதம் தாங்கும். அதற்குள் ஒரு மருத்துவச் செலவு வந்தால் அதுவும் இல்லை.

முடிவும் காரணங்களும்

இந்த இடத்தில் பேச்சு சிக்கிக்கொண்டது. கணவர், "கட்டாவிட்டால் இடம் வீண்" என்றார். மனைவி, "அப்படியென்றால் விற்றுவிடலாம்" என்றார். இருவரும் இரண்டு வெவ்வேறு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தார்கள். இடத்தை வைத்திருப்பதா என்பது ஒரு கேள்வி. வைத்திருப்பது என்று ஆனபின், அதன்மேல் பணம் போடுவதா என்பது வேறு கேள்வி.

முதல் கேள்விக்குப் பதில் காண, இடத்தின் மதிப்பையும் சேர்த்தார்கள். 146-உடன் 90 சேர்த்தால் 236. அதற்கு 5.59 என்றால் 2.4 சதவீதம்கூட இல்லை. கணக்கு மட்டுமே பேசினால் விற்பதுதான் சரி. இதை இருவரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் விற்கவில்லை. மகளுக்கு இடமாகவே கொடுக்க வேண்டும் என்பது இருவரின் விருப்பம். அது தவறான காரணம் அல்ல, ஆனால் லாபக் கணக்கு என்ற வேடம் போடக் கூடாது. "இடத்தை வைத்திருப்பது லாபத்துக்காக அல்ல" என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். சற்று வேடிக்கையாகத் தோன்றினாலும், அதன்பிறகு இடத்தின் மதிப்பை யாரும் வசதிக்கேற்ப உள்ளே இழுக்கவும் வெளியே தள்ளவும் முடியவில்லை.

இரண்டாவது கேள்வியில் நான்கு வழிகள் மேசைக்கு வந்தன. சும்மா விடுவதில் வேலிக்கும் வரிக்கும் செலவு தொடரும், ஆக்கிரமிப்புப் பயமும் உண்டு. பொருள் வைக்கவோ வண்டி நிறுத்தவோ குத்தகைக்கு விட ஆள் கிடைக்கவில்லை. நான்கு வீட்டுத் திட்டம் கடனால் அடிபட்டது. நான்காவது, சிறிதாகக் கட்டுவது.

தேர்வானது இதுதான்: தரைத்தளம் மட்டும், தலா 620 சதுர அடியில் இரண்டு இரட்டைப் படுக்கையறை வீடுகள். அஸ்திவாரமும் பில்லரும் மேலே இன்னொரு தளம் தாங்கும்படி. சந்தையில் சீக்கிரம் போனது இந்த வகை வீடுதான்.

செலவு பாதியாகவில்லை. அஸ்திவாரமும் கூரையும் ஒரே தளத்தின் தலையில் விழுவதால் கட்டடம் 50-க்குப் பதில் 56. மீட்டரும் தொட்டியும் சிறிதானதால் வெளிவேலை 20. பைல் அதே 7. எதிர்பாராச் செலவு 8. மொத்தம் 91. கடன் 30, கைப்பணம் 61, மிச்சச் சேமிப்பு 19. கைப்பணத்தை முதலில் செலவழித்து, கடனைக் கடைசிக் கட்டத்தில் எடுப்பது என்று வைத்ததால் கட்டும் கால வட்டி பெரிதாக வராது.

இரண்டு வீட்டுக்கும் பேசி முடியக்கூடிய வாடகை ஆண்டுக்கு 6.2. ஒரு மாதம் காலிக்குக் கழித்தால் 5.68, செலவு 1.5 போக நிகரம் 4.18. கடனை 15 ஆண்டில் அடைத்தால் தவணை 3.65. வரவு 4.6 சதவீதம்தான், முந்தைய திட்டத்தைவிடச் சற்றே மேல். மாற்றம் இருந்தது தாங்கும் திறனில்: இரு வீடும் காலியாக இருந்தாலும் மிச்சச் சேமிப்பு தவணையை ஐந்து ஆண்டுக்கு மேல் கட்டும். ஓய்வின்போது வரும் தொகையில் கடனை மொத்தமாக அடைக்கவும் வழி இருந்தது.

மேல்தளத்துக்காகக் கூடுதலாகச் செலவிடுவது சரியா என்ற விவாதமும் நடந்தது. பின்னால் அஸ்திவாரத்தைப் பலப்படுத்துவது, அதுவும் வீக்க மண்ணில், ஏறக்குறைய நடக்காத காரியம். அதனால் அந்தச் செலவு ஏற்கப்பட்டது.

கட்டுமானம்

எந்த வேலை எவ்வளவு என்ற அளவுப் பட்டியல் இல்லாமல் சதுர அடி விலையிலேயே ஒப்பந்தம் போட்டார்கள். ஆனால் பணம் கட்டம் கட்டமாக: முன்பணம் 10 சதவீதம், அஸ்திவாரம் முடிந்ததும் 15, லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேலே வரும் பீம்) மட்டத்தில் 15, கூரை போட்டதும் 20, பூச்சு முடிந்ததும் 15, தரை ஓடும் கதவு ஜன்னலும் முடிந்ததும் 15, சாவி கொடுக்கும்போது 5. கடைசி 5 சதவீதம் ஒரு மழைக்காலம் கடந்த பிறகு.

தண்ணீர்க் கணக்கு எளிது. வீட்டுக்கு ஐந்து பேர் என 10 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்றால் 1,350 லிட்டர். மூன்று நாள் தாங்க 4,000 லிட்டர் தரைத்தொட்டி, மேலே வீட்டுக்கு ஒன்றாக 750 லிட்டர் தொட்டி இரண்டு.

போர்வெல்லில்தான் சறுக்கியது. செப்டிக் டேங்கிலிருந்து குறைந்தது 15 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்று, டேங்கை முன்பக்க இடது மூலையிலும் போரைப் பின்பக்க வலது மூலையிலும் வைத்தார்கள். தங்கள் டேங்கிலிருந்து தொலைவு சரியாக இருந்தது. எல்லைச் சுவருக்கு அந்தப்புறம் 4 மீட்டரில் பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க் இருப்பதை யாரும் கேட்கவில்லை. துளை போட்டு முடித்தபின் தண்ணீரைப் பரிசோதித்ததில் குடிக்க ஆகாது என்று வந்தது. போர்த் தண்ணீரைக் கழிவறைக்கும் துவைக்கவும் மட்டும் ஒதுக்கி, குடிநீருக்குத் தனிக் குழாய் இழுக்க வேண்டியதாயிற்று.

மழையால் ஆறு வாரம் வேலை நின்றது. அனுமதி வரவே மூன்று மாதம் ஆயிற்று. ஒன்பது மாதத்தில் முடியும் என்றது 14 மாதம் இழுத்தது. நடுவில் முன்சாலையைப் புதிதாகப் போட்டு உயர்த்தியதால், தரைமட்டம் சாலையைவிட உயரமாக இருக்க இன்னும் ஒன்றரை அடி ஏற்ற வேண்டி வந்தது. நல்லவேளை, அப்போது பீம் மட்டத்தில்தான் வேலை இருந்தது. மின்கம்பம் ஒன்று கூடுதலாக நட வேண்டியிருந்தது. கம்பி விலையும் ஏறியது. எதிர்பாராச் செலவுக்கு வைத்த 8 முழுவதும் போய், மேலும் 5 போயிற்று. இறுதிச் செலவு 96, மிச்சச் சேமிப்பு 14. நான்கு வீடு கட்டப் போயிருந்தால் இதே தாமதமும் விலையேற்றமும் இரண்டு தளத்துக்கும் சேர்ந்து வந்திருக்கும், அந்த மிச்சச் சேமிப்பு அநேகமாகக் கரைந்திருக்கும்.

பின்விளைவுகள்

முதல் வீடு ஐந்து வாரத்தில் போயிற்று. இரண்டாவது வீட்டுக்கு 11 வாரம் ஆயிற்று, கடைசியில் கேட்டதில் 10 சதவீதம் குறைத்துக் கொடுத்தார்கள். இன்னும் இரண்டு மாதம் காத்திருந்து முழு வாடகை வாங்குவதைவிட இது மேல். ஆண்டு வாடகையில் 10 சதவீதம் என்பது ஒரு மாதம் ஆறு நாள் வாடகைக்குச் சமம். இரண்டு மாதம் காலியாக விட்டால் அந்த ஆண்டில் அதைவிட அதிகம் போகும்.

எழுத்தில் ஒப்பந்தம், முன்பணம், ஆண்டுக்கு 5 சதவீத ஏற்றம், காலி செய்ய இரண்டு மாத அறிவிப்பு என்று வைத்தார்கள். குடிவரும் நாளில் சுவர், குழாய், ஓடு, சுவிட்ச் ஒவ்வொன்றையும் படமெடுத்து, மீட்டர் அளவோடு இரு தரப்பும் கையெழுத்திட்டன. முதல் வாடகைதாரர் ஒன்றரை ஆண்டில் காலி செய்தபோது முன்பணத்தில் எதைக் கழிப்பது என்று வாய்த்தகராறு எழவில்லை என்றால் அதற்குக் காரணம் இந்தப் படங்கள்தான்.

நான்காம் மாதத்தில் ஒரு குளியலறைச் சுவரின் மறுபக்கம் பெயிண்ட் உப்பியது. சுவருக்குள் பதித்த குழாயின் ஓர் இணைப்பில் கசிவு. பூசுவதற்கு முன் குழாயில் நீரழுத்தம் ஏற்றி ஒரு நாள் விட்டுப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும், அதைச் செய்யவில்லை. 5 சதவீதம் கையில் நிறுத்தி வைத்திருந்ததால் ஒப்பந்ததாரர் வந்து உடைத்துச் சரிசெய்தார். அதே நிற ஓடு கிடைக்காததால் ஒரு சுவர் முழுதும் மாற்றியதும், வாடகைதாரருக்கு ஒரு மாத வாடகையில் பாதி விட்டுக்கொடுத்ததும் உரிமையாளர் பொறுப்பாயின.

இரு வீட்டுக்கும் ஒரே மோட்டார். யார் எப்போது போடுவது, தொட்டி நிரம்பி வழிந்தால் யார் பொறுப்பு, மோட்டார் மின்கட்டணத்தை எப்படிப் பிரிப்பது என்று ஓயாத சச்சரவு. ஒரு வீட்டில் இரண்டு பேர், இன்னொன்றில் ஐந்து பேர் என்றால் சமமாகப் பிரிப்பது எப்படி நியாயம்? மட்டம் பார்த்துத் தானே நிற்கும் சுவிட்சையும் துணை மீட்டரையும் பிறகு பொருத்தினார்கள். கட்டும்போதே செய்திருந்தால் சுவரை வெட்டியிருக்க வேண்டாம்.

பணக் கணக்கு இது. முதல் ஆண்டில் கைக்கு வந்த வாடகை 4.9, செலவு 1.2, நிகரம் 3.7. தவணை 3.65-ஐத் தொட்டும் தொடாமலும் கட்டியது. இரண்டாம் ஆண்டில் வாடகை 5.9, செலவு 1.6, நிகரம் 4.3. போட்ட 96-க்கு 4.5 சதவீதம். எதிர்பார்த்த 4.6-க்கு அருகில்தான். ஆனால் அது வந்தது ஓராண்டு தாமதமாக.

மாற்றிச் செய்ய வேண்டியவை

மண் பரிசோதனை வரைபடத்துக்கு முன்பு வந்திருக்க வேண்டும். இந்த நிகழ்வில் தேங்கிய நீர் தற்செயலாகக் கண்ணில் பட்டதால்தான் பரிசோதனையே நடந்தது. கோடையில் மட்டும் மனையைப் பார்த்திருந்தால் 1.5 மீட்டர் அஸ்திவாரத்தில் கட்டடம் எழும்பியிருக்கும்.

சதுர அடி விலைக்குப் பதில் அளவுப் பட்டியலோடு ஒப்பந்தம் போட்டிருக்கலாம்: இத்தனை கன அடி காங்கிரீட், இத்தனை கிலோ கம்பி, இத்தனை சதுர அடி பூச்சு என்று. கம்பி விலை ஏறியபோது எவ்வளவு கம்பிக்கு எவ்வளவு கூடுதல் என்று கணக்கிட வழியில்லாமல், ஒப்பந்ததாரர் சொன்ன தொகையிலேயே பேரம் பேச வேண்டி வந்தது.

எல்லையின் மறுபுறம் என்ன இருக்கிறது என்று நான்கு பக்கத்து வீட்டாரிடமும் கேட்டுக் குறித்துக்கொள்வது அரை நாள் வேலை. செப்டிக் டேங்க், கிணறு, அஸ்திவார ஆழம், பெரிய மரத்தின் வேர் என எல்லாம் அதில் வரும்.

தரைமட்டத்தை அன்றைய சாலையை வைத்து முடிவு செய்யாமல், சாலை இன்னும் ஒரு முறை உயரும் என்று வைத்து முடிவு செய்ய வேண்டும். எதிர்பாராச் செலவுக்கு இதுபோன்ற மண்ணில் 10 சதவீதம் போதவில்லை. அடிப்படை 83-க்கு மேல் உண்மையில் போனது 13, அதாவது கிட்டத்தட்ட 16 சதவீதம்.

மாடித்தளம் பற்றி அவர்கள் இப்போது வைத்திருக்கும் விதி: இரு வீடும் சேர்ந்து மூன்று ஆண்டில் மொத்தம் ஆறு மாதத்துக்கு மேல் காலியாக இருக்கக் கூடாது, கடன் முழுதும் அடைந்திருக்க வேண்டும், மாடிக்குப் புதுக் கடன் வாங்கக் கூடாது. மூன்றும் பொருந்தினால் மட்டும் பேச்சு. முதல் நிபந்தனையில் ஏற்கெனவே நான்கு மாதம் போய்விட்டது.

கூரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பில்லர் கம்பிகளை முதல் ஆண்டு சிமெண்ட் பால் பூசி விட்டிருந்தார்கள். இரண்டாம் மழைக்குப் பின் துரு தெரிந்தது. இப்போது துருவைச் சுரண்டி, ஒவ்வொரு பில்லரின் கம்பித் தொகுப்பையும் சிமெண்ட் குறைந்த மெலிந்த காங்கிரீட்டில் மூடியிருக்கிறார்கள். மாடி கட்டும் நாள் வந்தால் அதை உடைத்தெடுத்து, கம்பியின் விட்டத்தை அளந்து பார்த்த பிறகே அதோடு புதுக் கம்பியைச் சேர்க்க வேண்டும் என்று பொறியாளர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.